ஏபிஐ வழியாக இணைப்புகளை மொத்தமாக அழிப்பது எப்படி? (பாதியை மிச்சம் வைக்காமல்)

கட்டுமான வேலைகளை நிர்வகிக்கும் மென்பொருளில் நடந்த கதை இது. புதிய டிராயிங் (வரைபட) செட் வந்த அன்று, இறக்குமதி ஸ்கிரிப்டைத் தவறுதலாக இரண்டு முறை ஓட்டிவிட்டேன். கட்டுமான சைட்டில் எழுப்பிய இஷ்யூக்கள் (குறை, சிக்கல் பதிவுகள்) எல்லாம் ஒரே டிராயிங்கோடு இரண்டிரண்டு முறை இணைந்து நின்றன. கூடுதலாக முளைத்த இணைப்புகள் 450. திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து, ‘நீக்கு’ கொடுத்து, ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டால் ஆமாம் போட்டு... பத்தாவதிலேயே பொறுமை போய்விட்டது. அப்புறம்தான் ஏபிஐ (திரையைத் தொடாமல் நிரல் வழியாக மென்பொருளிடம் வேலை வாங்கும் வழி) பக்கம் போனேன்.

டோக்கன் (ஏபிஐக்கான அனுமதிச் சாவி) வாங்குவது, ப்ராஜெக்ட் ஐடி எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: பட்டியல் எடுக்கும்வரை, படிக்க மட்டும் உரிமை உள்ள டோக்கன் போதும். அழிக்கும் உரிமையை அழிக்கிற நேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 1: எந்த ஐடி என்று பாருங்கள்

இந்த மாதிரி மென்பொருள்களில் இணைப்பு என்பது பெரும்பாலும் தனிப் பதிவு. அதற்கென்று ஒரு ஐடி, இரண்டு முனைகளுக்கும் ஆளுக்கொரு ஐடி. ஒரு முனையில் இஷ்யூ, மறுமுனையில் டிராயிங். ஏபிஐ விடை தரும் ஜேசன் வடிவத்தில் மூன்றும் அடுத்தடுத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இணைப்பின் ஐடிக்குப் பதில் இஷ்யூ ஐடியை எடுத்து, இஷ்யூவை அழிக்கும் முகவரிக்கே அனுப்பினால் போட்டோ, கருத்து எல்லாவற்றோடும் அது போய்ச் சேரும். முதலில் ஒரே ஒரு இணைப்பை போஸ்ட்மேனில் (ஏபிஐ கோரிக்கைகளைக் கையால் அனுப்பிப் பார்க்கும் கருவி) அழித்து, திரையில் இஷ்யூ அப்படியே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். போஸ்ட்மேன் இதற்குத்தான் சரி. மொத்த வேலைக்கு பைத்தானும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும்தான் என் தேர்வு.

படி 2: முழுப் பட்டியலையும் முதலில் எடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். ஒரு பக்கத்துக்கு 100 பதிவு வந்தது. ‘ஒரு பக்கம் எடு, அதை அழி, அடுத்த பக்கம் போ’ என்று லூப் எழுதினேன். ஓடியது, ‘முடிந்தது’ என்றது, ஒரு பிழையும் இல்லை. திரும்பப் பார்த்தால் 200 அப்படியே உட்கார்ந்திருக்கின்றன!

என்ன நடந்தது? முதல் சுற்றில் 1 முதல் 100 வரை போயின. உடனே 101-ஆவது பதிவு முதல் இடத்துக்கு நகர்ந்துவிட்டது. என் லூப்போ ஆஃப்செட் 100, அதாவது முதல் 100-ஐத் தாண்டி எடு, என்று கேட்கிறது. வந்தவை பழைய கணக்கில் 201 முதல் 300 வரை. 101 முதல் 200 வரை உள்ளவற்றை யாரும் தொடவில்லை. மூன்றாவது சுற்றில் ஆஃப்செட் 200. கிடைத்தவை 401 முதல் 450 வரை. நான்காவது சுற்றில் வெற்றுப் பட்டியல், லூப் நின்றுவிட்டது. வரிசையில் நிற்பவர்களை முன்னாலிருந்து அனுப்பிக்கொண்டே, மிச்சமுள்ளவர்களைப் பழைய எண்ணை வைத்துக் கூப்பிட்ட கதை.

அதனால் எடுப்பது தனி, அழிப்பது தனி. எல்லாப் பக்கங்களையும் எடுத்து ஐடிகளை பைத்தானின் செட்டில் (ஒரே மதிப்பை இரண்டு முறை வைக்காத தொகுப்பு) போடுங்கள். லிஸ்ட் வேண்டாம், இஷ்யூ பக்கமிருந்தும் டிராயிங் பக்கமிருந்தும் தேடினால் ஒரே இணைப்பு இரண்டு முறை வரும். எதை அழிப்பது என்பதை உருவான நேரத்தையும் உருவாக்கிய பயனர் கணக்கையும் வைத்துப் பிரித்தேன்: இரண்டாவது ஓட்டம் தொடங்கியபின் உருவானவை, ஸ்கிரிப்டின் பயனர் கணக்கால் உருவானவை. இரண்டும் பொருந்தினால்தான் பட்டியலில் இடம். நேரம் பெரும்பாலும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) வரும், நம் நேரத்தில் அல்ல, கவனம்.

படி 3: கோப்பில் எழுதி எண்ணுங்கள்

இணைப்பின் ஐடியோடு இரு முனைகளின் வகையையும் ஐடியையும் சேர்த்து சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) எழுதிவையுங்கள். தப்பு நடந்தால் இணைப்பைத் திரும்பப் போட இந்தக் கோப்புதான் கை கொடுக்கும். எண்ணிக்கை 450 வரவேண்டிய இடத்தில் 900 வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

படி 4: அழியுங்கள்

மொத்தமாக அழிக்கும் அழைப்பு பல ஏபிஐகளில் டெலீட் (அழி) வகைக் கோரிக்கையாக இல்லாமல் போஸ்ட் (தரவை அனுப்பு) வகையாக இருக்கும். விநோதமாகத் தெரியும், காரணம் உண்டு: டெலீட் கோரிக்கையோடு உள்ளடக்கம் அனுப்பினால் அதற்கு என்ன பொருள் என்று, இந்தக் கோரிக்கைகளுக்கான விதிமுறையான எச்டிடிபி தரநிலை வரையறுக்கவில்லை. நடுவில் உள்ள சர்வர் அதை மறுத்துவிடவும் கூடும்.

விடையில் 207 என்ற நிலைக் குறியீடு வந்தால் கொண்டாடாதீர்கள். ஒவ்வொரு ஐடிக்கும் தனித்தனி முடிவு உள்ளே இருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். நூறில் பத்து தோற்றிருக்கலாம். 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய்) வந்தால் விடையிலுள்ள ரிட்ரை-ஆஃப்டர் தலைப்பு சொல்லும் நேரம் காத்திருங்கள் (அது விநாடியாகவும் வரலாம், தேதியாகவும் வரலாம்). 401 வந்தால் நடுவழியில் டோக்கன் காலாவதி. புதுசு வாங்கி விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சரி, விட்ட இடம் எது? அழிந்த ஐடியை உடனுக்குடன் இன்னொரு கோப்பில் எழுதிக்கொண்டே போனால் தெரியும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

ஒருவருக்கு எல்லா ஐடிக்கும் 404 (அப்படி எதுவும் இல்லை) வந்தது. ‘ஏற்கெனவே அழிந்தது, வெற்றிதான்’ என்று அவருடைய ஸ்கிரிப்ட் எண்ணிக்கொண்டது. நான் எழுதிக் கொடுத்த யோசனைதான் அது, என் தப்பு. உரிமை இல்லாதவருக்கும் பதிவு இருப்பதையே காட்டாமல் 404 தரும் ஏபிஐகள் உண்டு. அழித்தபின் மறுபடி பட்டியல் எடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம்.

இன்னொருவர் சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து சேமித்திருக்கிறார். எக்செல் எண்களில் 15 இலக்கம்வரைதான் தாங்கும். அதற்குமேல் உள்ளவை பூஜ்யமாகிவிடும். அவருடைய 18 இலக்க ஐடிகள் எல்லாமே மூன்று பூஜ்யத்தில் முடிந்திருந்தன. கோப்பைப் பார்க்க வேண்டுமென்றால் நோட்பேட் போதும்.

மூன்றாமவருக்கு எல்லாம் அழிந்தும் எண்ணிக்கை குறையவே இல்லை. அழிந்ததாகக் குறியிட்ட பதிவுகளையும் அவருடைய பட்டியல் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த வடிகட்டியை மாற்றியதும் எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது.