அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச் ரயிலில் தொலைந்து கிடைத்த விதம்

மதுரையில் இறங்கியபோது மணிக்கட்டில் அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச் இல்லை. வார் அறுந்து பெர்த்தில் விழுந்திருக்க வேண்டும். நடைமேடை, ஆட்டோ ஸ்டாண்டு என அலைந்தது வீண்.

வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டதும் ஒருவர், “என்னிடம் இருக்கிறது, கூரியர் பணம் அனுப்புங்கள்” என்றார். பின்மூடியின் உள்ளே என்ன கீறியிருக்கிறது என்று கேட்டேன். அப்புறம் பதிலே இல்லை. வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் பலர் அங்கே தேதியோ எண்ணோ ஊசியால் கீறி வைப்பார்கள். பழைய சர்வீஸின்போது நான் அதைப் படமெடுத்திருந்தேன், யாருக்கும் காட்டவில்லை.

அடுத்து ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்து பி.என்.ஆர்., பெட்டி, பெர்த் எண்களோடு புகார் பதிந்தேன். ஒன்று பலருக்குத் தோன்றாது: வந்த பெட்டிகளே வேறு வண்டி எண்ணில் திரும்பிப் போய்விடும். அதனால் புறப்பட்ட ஊரான சென்னை எழும்பூரிலும் விசாரித்தேன். வாட்ச் அங்கேதான் ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். வசம் இருந்தது. கண்டெடுத்தவற்றை உரியவரிடம் சேர்க்க ‘ஆபரேஷன் அமானத்’ என்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள்.

டிக்கெட், ஆதார், அந்தக் கீறலின் படம் மூன்றையும் காட்டினேன். மூடியைத் திறந்து ஒப்பிட்டார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். அப்பாடா!