பிளஸ் டூவுக்குப் பிறகு மியூசிக் மேனேஜர் ஆக: வடசென்னை மாணவர்களுக்கு ஒரு வழி

வடசென்னையில் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு, கொருக்குப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் நல்ல கானாக் குரல் காதில் விழும். அந்தக் குரலுக்காகக் கணக்குப் பார்த்து, அக்ரிமெண்டைப் படித்து, பாக்கியை வசூலித்துத் தரும் ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த ஆள்தான் மியூசிக் மேனேஜர். இந்த வேலைக்குப் போக ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்ன படிக்கலாம், எதை எப்போது செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதல் படி: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு கோயில் திருவிழாவுக்கு உங்கள் குழு 60,000 ரூபாய் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பவர்கள் ஆறு பேருக்கு ஆளுக்கு 5,000, வேனுக்கு 4,000. மேனேஜருக்கு 15 சதவீதம் என்று பாடகரிடம் பேச்சு. சரி, எதில் 15 சதவீதம்? மொத்தத் தொகையில் என்றால் 9,000 ரூபாய். செலவு போக மீதியுள்ள 26,000-இல் என்றால் 3,900 ரூபாய். இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால் நிகழ்ச்சி முடிந்த இரவே மனஸ்தாபம் வரும். மைக் செட் யார் பொறுப்பு, மழை வந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமா, பொதுவாக இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதால் எத்தனை மணிக்கு மேடை ஏறுவது என்பதையும் மேனேஜர்தான் பேசி முடிக்க வேண்டும்.

கம்பெனி நிகழ்ச்சிகளில் இன்னொன்று உண்டு. ஒரு லட்சம் பேசினால், பெரும்பாலும் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 90,000 கொடுப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அந்த 10,000 திரும்ப வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது. பாடகருக்கு இதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாம் படி: பட்டம்

என்னைக் கேட்டால் பி.காம்.தான். மேலே சொன்ன வேலையில் பாதிக்கு மேல் கணக்கு, வரி, ஒப்பந்தம். மூன்றையும் பி.காம். பாடத்திலேயே தொட்டுவிடுவீர்கள். அதற்காகத் தாம்பரம் தாண்டிப் போக வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பெண்களுக்குப் பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி என்று பக்கத்திலேயே இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ முடிவு வரும் சமயத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் திறப்பார்கள். தேதியைத் தவறவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களைப் பற்றிச் சேரும் அன்றே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

பி.பி.ஏ.வும் பரவாயில்லை. விஸ்காம், மேடையைவிட வீடியோ பக்கம் ஆர்வம் இருந்தால் மட்டும். நீங்களே வாசிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் ஆசைப்பட்டால் அரசு இசைக் கல்லூரியோ, ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியோ பார்க்கலாம். ஆனால் அது வேறு பாதை.

சேரும்போது ஷிப்ட் பற்றி விசாரியுங்கள். காலை ஷிப்ட் கிடைத்தால் மத்தியானத்துக்கு மேல் நாள் உங்களுடையது. அடுத்த படிக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: ஒரு குழுவோடு சேருங்கள்

முதல் வருடமே, உங்கள் ஏரியாவில் பாடும் ஓர் அண்ணனிடமோ அக்காவிடமோ போய், "கணக்கு நான் எழுதித் தரேண்ணா" என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு நோட்டு போட்டுத் தேதி, இடம், பேசிய தொகை, அட்வான்ஸ், பாக்கி, யாருக்கு எவ்வளவு என்று எழுதி வாருங்கள். புக் செய்தவரின் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். அடுத்த வருட திருவிழாவுக்கு அவரிடம்தான் பேச வேண்டியிருக்கும்.

வடசென்னையின் கானா பெரிய மேடைக்கும் போகும் என்பதை 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' காட்டியது. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அப்படிப்பட்ட மேடைகளிலும், பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமத்திலும் பின்னால் நின்று வேலை செய்ய வாய்ப்புக் கேளுங்கள். மேடைக்குப் பின்னால் யார் யாருக்கு என்ன பொறுப்பு என்பது அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

நான்காம் படி: உரிமை

இதில்தான் நம் பாடகர்கள் அதிகம் இழக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவு செய்த ஒரு பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு தனி உரிமை. லேபிள் (பாட்டை வெளியிடும் கம்பெனி) ஒரு தொகை கொடுத்து ஒலிப்பதிவை எழுதி வாங்கினாலும், பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை (பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில் தங்கள் பங்கை) லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-இல் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த ராயல்டியை வசூலித்துத் தருவது ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம். 1969-இல் தொடங்கியது. கானாக்காரர் பல நேரம் தானே எழுதித் தானே பாடுகிறவர். அவரை அதில் உறுப்பினராகச் சேர்த்துவிடுவது நீங்கள் செய்யக்கூடிய முதல் பெரிய உதவி. ஒரு எச்சரிக்கை: பழைய சினிமா மெட்டில் புது வரி போட்டிருந்தால் மெட்டு அவருடையது அல்ல. அனுமதி இல்லாமல் யூடியூபில் ஏற்றினால் காப்பிரைட் க்ளெய்ம் வரலாம்.

ஐந்தாம் படி: பி.காம். முடித்த பிறகு

இந்தக் காப்புரிமை வேலை பிடித்துப்போனால் மூன்று வருட சட்டப் படிப்புக்குப் போங்கள். அக்ரிமெண்டைத் தானே எழுதத் தெரிந்த மேனேஜரை லேபிள்காரர்கள் ஏமாற்றுவது கஷ்டம். நிகழ்ச்சிகள்தான் பிடிக்கிறது என்றால் ஒரு ஈவென்ட் கம்பெனியிலோ லேபிளிலோ இரண்டு வருடம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் மியூசிக் பிசினஸுக்கே தனிப் படிப்பு உண்டு, ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் கடன் வாங்கிப் போக நான் சொல்ல மாட்டேன். உள்ளூரில் லட்சக்கணக்கில் கேட்கும் டிப்ளமோக்களுக்கும் அதே பதில்தான். பணம் கட்டுமுன், அங்கே படித்து முடித்த இரண்டு பேரின் நம்பரை வாங்கி, இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்று நீங்களே பேசிக் கேளுங்கள்.