அரசு தரும் பயிற்சியை அரைகுறையாக்கும் தவறுகள்

சிறப்புத் தேவையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நாளில் வட்டார வள மையத்தின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே பிசியோ மேடம், அதாவது இயன்முறை மருத்துவர், பாயில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் குதிகாலைப் பிடித்து மெல்ல நீட்டிக்கொண்டிருப்பார். வெளியே வராந்தாவில் அம்மாக்களும் பாட்டிகளும் காத்திருப்பார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவார். பையனின் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை. எட்டு மாதத்தில் ஒரு வாரம்கூட அவர் தவறவிட்டதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், "வீட்டுல கால எப்படி நீட்டி விடுறீங்க பாட்டி?" என்று கேட்டேன். "நானா? அது டாக்டரம்மா செய்யறதாச்சே. எனக்கு என்னம்மா தெரியும்" என்றார்.

எட்டு மாதமாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தவரை "உள்ளே வாங்க" என்று எங்களில் ஒருவரும் கூப்பிடவில்லை. சிறப்புப் பயிற்றுநராக நான் செய்த தவறுகளில் இன்றும் மனதை உறுத்துவது இதுதான்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் பிசியோவின் கை பிள்ளையின் மேல் படுவது முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் பிள்ளை வீட்டிலும் வகுப்பிலும்தான் இருக்கிறது. இறுகிய தசை தினமும் நீட்டினால்தான் இளகும். வாரம் ஒருமுறை நீட்டிவிட்டு ஆறு நாள் விட்டால், ஏழாம் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பிசியோவின் முக்கியமான வேலை, அந்த ஆறு நாளைக்கு வீட்டாரைத் தயார் செய்வது. அதனால் வராந்தாவில் உட்காராதீர்கள். உள்ளே போய்ப் பாயில் உட்காருங்கள். கையை எங்கே வைப்பது, எவ்வளவு அழுத்துவது, எத்தனை விநாடி பிடிப்பது என்று கேளுங்கள். அவர் முன்னாலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள். அந்தப் பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. முப்பது வரை எண்ணச் சொல்லிக் கொடுத்தோம். பேரனும் கூடவே எண்ணக் கற்றுக்கொண்டான்.

இந்தச் சேவை எங்கிருந்து வருகிறது என்று தெரியாததாலும் சில தவறுகள் நடக்கின்றன. ஊரில் இன்னும் "எஸ்எஸ்ஏ" (சர்வ சிக்ஷா அபியான்) என்றே சொல்கிறோம். 2018 முதல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், அதாவது சமக்ர சிக்ஷா. செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் என்பது திட்டத்தின் பங்கீடு. சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று திட்டத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் உதவித்தொகை தனி. சிறப்புப் பயிற்றுநர், பிசியோ, வீட்டுக்கே வந்து தரும் பயிற்சி, மருத்துவ மதிப்பீட்டு முகாம், உபகரணங்கள், துணைக்கு வருபவருக்கான பயணப்படி எல்லாம் இந்தக் குடையின் கீழ்தான். பலர் இதைத் தர்மம் போல நினைத்து, "இலவசமா செய்யறாங்க, நாம என்னத்த கேக்கறது" என்று வாய் திறப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. பிசியோ வரவில்லையா, ஏன் என்று கேளுங்கள். உபகரணம் பொருந்தவில்லையா, திருப்பிக் கொண்டுவந்து காட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் என்ற பள்ளியின் இணையப் பதிவில் உங்கள் பிள்ளை மாற்றுத்திறன் குழந்தை என்று குறிக்கப்பட்டிருக்கிறதா? வகுப்பாசிரியர் அதைப் பதியாமல் விட்டால் எங்கள் பட்டியலில் பெயர் வராது. "பேர் கெட்டுப்போயிடும், நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாயிடும்" என்று பெற்றோரே பதிய வேண்டாம் என்பதும் உண்டு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதிவைக் கல்யாணத் தரகர் யாரும் பார்க்கப் போவதில்லை. பார்ப்பது நாங்கள்தான்.

முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பு, காது, கண், மனநல மருத்துவர்கள் ஒரே இடத்தில் உட்காரும் நாள் அது. கூலி போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பிள்ளையை அனுப்பிவிடுகிறார்கள். பிரசவத்தில் குழந்தை உடனே அழுததா, வலிப்பு எப்போது வந்தது, என்ன மாத்திரை போகிறது என்று மருத்துவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? அம்மாவோ அப்பாவோ வர வேண்டும், பழைய சீட்டுகளோடு. கை காலைத் தாங்கிப் பிடிக்க அளவெடுத்த ஸ்பிளின்ட்டோ கேலிப்பரோ வந்து சேர மாதங்கள் ஆகலாம். அதற்குள் பிள்ளை வளர்ந்திருக்கும். மாட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். தோலில் சிவந்த தடம் இருபது முப்பது நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாமல் நின்றால் அளவு சரியில்லை. அதைப் பீரோவின் மேல் தூக்கி வைக்காமல் மையத்துக்குக் கொண்டுவாருங்கள்.

காது மிஷினும் இப்படித்தான். "தொலைஞ்சிடப் போகுது, விலை அதிகம்" என்று பெட்டியோடு பத்திரமாக வைத்திருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். பெட்டிக்குள் இருக்கிற மிஷினால் குழந்தைக்குப் பேச்சு வராது. பேச்சு வரவில்லை என்றால் முதலில் சோதிக்க வேண்டியது காதை. நாக்கில் வசம்பு தேய்த்தும், கோயிலில் மணி கட்டியும், "அவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று ஆறுதல் சொல்லியும் மூன்று நான்கு வருடத்தைக் கடத்திவிடுகிறோம். பேச்சு பழக மூளை மிகவும் தயாராக இருக்கும் வருடங்கள் அவை. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் நடமாடும் மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு அது. அவர்கள் சந்தேகப்பட்டு எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிடாதீர்கள்.

ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி பக்கம் வேறொரு தவறு நடக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், பள்ளியில் தமிழ். பிள்ளை பேசத் தாமதமானால், "வீட்லயும் தமிழ் மட்டும் பேசுங்க, குழப்பிக்குது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சொல்பவர் ஆசிரியராகவும் இருப்பார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. அம்மா தனக்குச் சரளமாக வராத மொழியில் தயங்கித் தயங்கிப் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சுதான் குறைகிறது. வீட்டு மொழியில் அவன் எத்தனை சொல் சொல்கிறான் என்பதையும் எண்ணிக்கொண்டு வந்து பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். தமிழில் நான்கு சொல் மட்டும் பேசும் பிள்ளை தெலுங்கில் நாற்பது சொல் பேசலாம். அப்படி இருந்தால் கதையே வேறு.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு மென்று விழுங்குவது சிரமம். மதிய உணவு நேரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, தலையை அண்ணாத்தி, வாயில் சாதத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறக்குவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிலையில் மூச்சுக்குழாய் திறந்து கிடக்கிறது. சாதமும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகலாம். அடிக்கடி சளி, அடிக்கடி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடக்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காரணம் சோறு ஊட்டும் விதம்தான். நிமிர்ந்து உட்கார வைத்து, முதுகுக்கு முட்டுக்கொடுத்து, தாடை லேசாகக் கீழ் நோக்கியிருக்க, முன்னால் உட்கார்ந்து சின்னச் சின்ன வாயாக ஊட்டுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது. தண்ணீராக ஓடுவதைவிடக் கெட்டியாகக் குழைந்தது பாதுகாப்பு. இருமல் வந்தால் நிறுத்துங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். சொன்னால் அவர்கள் கட்டாயம் செய்வார்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பயிற்சி என்று நினைப்பதும் ஆபத்து. ஐந்தாறு வயதில் ஒரு பையன் அடிக்கடி விழுகிறான், மாடிப்படி ஏறத் திணறுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையூன்றி ஏறி எழுகிறான் என்றால், தசைச் சிதைவு நோயா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். "சோம்பேறி, ஓட விட்டா தெம்பு வந்துடும்" என்று மைதானத்தைச் சுற்ற விடுவது அந்தத் தசையை இன்னும் கெடுக்கும். அவனுக்குத் தேவை களைப்பு வராத அளவுக்கு அசைவும், தசை இறுகாமல் பார்த்துக்கொள்வதும்தான். அதுபோல, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். கால் வளைந்த பிள்ளையைப் பார்த்ததும் "தண்ணி வாகு" என்று விட்டுவிடக் கூடாது. ஃப்ளோரைடாகவும் இருக்கலாம், சத்துக் குறைவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். காட்டினால்தானே தெரியும்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "எங்க கிளாஸ்ல ஒரு ஸ்பெஷல் பையன் இருக்கான், பிஆர்சிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்பீர்கள். பிஆர்சி என்பது வட்டார வள மையம்தான். பயிற்சிக்கென்று அவனை விளையாட்டு நேரத்திலும் ஓவிய நேரத்திலும் எழுப்பிக்கொண்டு போகிற தவறை நாங்களும் செய்திருக்கிறோம். அவனுக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும். வகுப்பிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெஞ்சில் உட்காரும்போது பாதம் தொங்கினால் அடியில் ஒரு பலகை போடுங்கள். பாதம் ஊன்றினால் முதுகு நிற்கும், முதுகு நின்றால் கை எழுதும்.

வீட்டிலும் பயிற்சிக்கென்று பொம்மை வாங்க வேண்டியதில்லை. புளிக் காலத்தில் தர்மபுரிப் பக்கம் எந்தத் திண்ணையிலும் புளியங்கொட்டை கிடக்கும். கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் பாட்டிலின் வாய்க்குள் போடச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு சிறுமி முதல் நாள் முழுக் கையால் அள்ளி அள்ளிச் சிந்தினாள். அவள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போட்டி போட்டாள். இரண்டு மாதத்தில் அதே விரல்கள் பென்சிலைப் பிடித்தன. எதையும் வாயில் போடுகிற பிள்ளையாக இருந்தால் மட்டும் இது வேண்டாம்.

கடைசியாகப் பள்ளி மாறும் சமயம். இந்தத் திட்டத்தின் பணம் அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும்தான். வேன் வருகிறது என்று தனியார் பள்ளிக்கு மாற்றும் முன், பயிற்சி என்னவாகும் என்று வட்டார வள மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எலும்பு கிடுகிடுவென வளரும். இறுகிய தசை அந்த வேகத்துக்கு நீளாது. நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை முழங்கால் மடங்கி நடக்கத் தொடங்குவது இந்த வயதில்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டு விண்ணப்பிக்கவும் மருத்துவச் சான்றும் பழைய பதிவுகளும் வேண்டும். அதனால் டிசி வாங்கும் நாளில் பயிற்சிப் பதிவேட்டின் நகல், முகாம் சீட்டு, யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, புதிய பள்ளியில் சேர்க்கும்போதே தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள்.