துப்பாக்கி உரிமை அமைப்புகளுக்குப் பணம் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் முதல் துப்பாக்கியை வாங்கிய கையோடு சந்தா படிவங்களும் வரத் தொடங்கிவிடும். கடைக்காரர் பையில் ஒன்றைப் போட்டுத் தருவார். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சேரப் போனால், பல கிளப்களில் முதலில் என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) உறுப்பினர் அட்டையைக் கேட்பார்கள். ஆன்லைனில் தோட்டா வாங்கினால், பில்லை அடுத்த டாலருக்கு உயர்த்தி மீதிச் சில்லறையை நன்கொடையாகத் தருகிறீர்களா என்று திரையில் வந்து நிற்கும். கிரீன் கார்டோ குடியுரிமையோ பெற்று இங்கே துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் கேட்பதும் இதைத்தான்: எதில் சேர்வது, யாருக்குக் கொடுப்பது?

ஆயுதம் வைத்திருக்க அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் சாதாரணக் குடிமக்களுக்குத் தந்த உரிமையை மதிக்கிறவன் நான். அதைக் காக்கிறோம் என்று சொல்லித் திரட்டிய பணம் வீணாய்ப் போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கொடுக்கிற நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் விஷயங்களைப் பார்க்காமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டுகிறார்கள்.

துப்பாக்கி உரிமை என்றால் என்.ஆர்.ஏ. மட்டும்தான் என்று நினைப்பது

என்.ஆர்.ஏ. 1871இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. உள்நாட்டுப் போரில் வீரர்கள் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் திணறியதைக் கண்ட இரு முன்னாள் அதிகாரிகள் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கிய சங்கம் அது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களே தலைமையை மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் அது இன்று நாம் பார்க்கும் அரசியல் சக்தியாக மாறியது. பெயர் பெரிது என்பதால் எல்லா வெற்றியையும் அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

உண்மை நிலவரம் வேறு. ஆயுதம் வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் முதன்முதலில் தெளிவாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். அந்த வழக்கைத் திட்டமிட்டு, சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தியவர் ராபர்ட் லெவி என்ற வழக்கறிஞர். தோற்றுவிட்டால் நிலைமை மோசமாகிவிடும் என்ற அச்சத்தில் என்.ஆர்.ஏ. ஆரம்பத்தில் அந்த முயற்சியை விரும்பவே இல்லை. அந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 2010இல் தீர்ப்பு வந்த மெக்டொனால்ட் வழக்கு, செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷனும் இலினாய் மாநில ரைஃபிள் சங்கமும் கொண்டுவந்தது. பம்ப் ஸ்டாக் (அரைத் தானியங்கித் துப்பாக்கியை மிக வேகமாகச் சுட வைக்கும் பாகம்) மீதான தடை விதியை 2024இல் வீழ்த்திய கார்கில் வழக்கை நடத்தியதோ, துப்பாக்கி அமைப்பே கிடையாது. அரசு அலுவலகங்களின் அதிகார மீறலை எதிர்த்துப் போராடும் நியூ சிவில் லிபர்ட்டீஸ் அலையன்ஸ் அது.

அதற்காக என்.ஆர்.ஏ. உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறுதான். வீட்டுக்கு வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை 2022இல் உறுதி செய்த ப்ரூயென் வழக்கைத் தொடுத்தது அதன் நியூயார்க் மாநிலக் கிளைச் சங்கம். நாடு முழுக்கப் பாதுகாப்பாகச் சுடக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களில் பலர் அதன் சான்றிதழ் பெற்றவர்கள். கார்ப்பரேட் நிர்வாகத்தில் அது சறுக்கியது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தப் பெட்டியில் பணம் விழுகிறது என்று பார்க்காதது

நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

ஒரே பெயரில், ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று அமைப்புகள் இயங்கும். வரிச் சட்டத்தில் அவற்றுக்குத் தனித்தனி இடம் உண்டு. 501(சி)(3) என்ற பிரிவில் வருவது அறக்கட்டளை. வழக்கு நடத்தலாம், பயிற்சி தரலாம், ஆய்வு வெளியிடலாம். சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டுவதை ஓர் அளவோடுதான் செய்யலாம். வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ வாயே திறக்கக் கூடாது. கொடுப்பவருக்கு வரிக்கழிவு உண்டு. 501(சி)(4) என்பது மக்கள் நல அமைப்பு. சட்டமன்றத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், தேர்தலிலும் ஓரளவு இறங்கலாம். கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடையாது. மூன்றாவது, அரசியல் நடவடிக்கைக் குழு எனப்படும் பி.ஏ.சி. அது நேராக வேட்பாளருக்கே பணம் கொடுக்கும்.

என்.ஆர்.ஏ. என்பது (சி)(4), என்.ஆர்.ஏ. ஃபவுண்டேஷன் (சி)(3), பொலிட்டிக்கல் விக்டரி ஃபண்ட் அதன் பி.ஏ.சி. ஆலன் காட்லிப் 1974இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கிய செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன் (சி)(3). சட்டமன்ற வேலைகளுக்கு அதற்குத் தனியாக ஒரு சகோதர அமைப்பு உண்டு. கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா (சி)(4), கன் ஓனர்ஸ் ஃபவுண்டேஷன் (சி)(3). வழக்குக்குப் பணம் போகட்டும் என்று நினைப்பவர் அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். மாநிலத் தலைநகரில் ஒரு மசோதாவைத் தடுக்க ஆள் வேண்டும் என்றால் (சி)(4)க்குக் கொடுக்க வேண்டும். காசோலையில் எழுதும் பெயரில் ஒரு சொல் மாறினால் பணம் செய்யும் வேலையே மாறிவிடும். அப்புறம் ஏப்ரலில் வரித் தாக்கலின்போது, கட்டிய சந்தாவுக்குக் கழிவு கேட்டுக் கணக்காளரிடம் போய் நிற்பதில் பயனில்லை.

சரி, விசாவில் இருப்பவர்கள்? எச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். மத்திய, மாநில, உள்ளாட்சித் தேர்தல் எதற்கும் அவர்கள் பணம் கொடுக்கக் கூடாது. பி.ஏ.சி.க்கு இருபது டாலர் கொடுத்தாலும் சட்ட மீறல்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இதைவிட முக்கியமான ஒன்று: இத்தகைய தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்குக் கிளம்பும் முன், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மத்தியத் தேர்தலுக்கான பி.ஏ.சி.க்கு ஓராண்டில் மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் உங்கள் பெயர், ஊர், வேலை செய்யும் நிறுவனம் எல்லாம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கொடுப்பதில் தவறே இல்லை, தெரிந்து கொடுங்கள். சாதாரண உறுப்பினர் பட்டியலுக்கு இந்த வெளிப்படுத்தல் கிடையாது.

ஃபார்ம் 990ஐத் திறந்தே பார்க்காதது

வருமான வரியிலிருந்து விலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.க்கு ஃபார்ம் 990 தாக்கல் செய்ய வேண்டும். அது பொது ஆவணம். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் அமைப்பின் பெயரை அடித்தால் இலவசமாகப் படிக்கலாம்.

என்.ஆர்.ஏ.வில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 1991 முதல் அதன் நிர்வாகத் தலைவராக இருந்த வெய்ன் லாபியர், தனி விமானப் பயணங்களுக்கும் சொந்தச் சொகுசுக்கும் சங்கத்தின் பணத்தைச் செலவழித்தார் என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் லெட்டீஷியா ஜேம்ஸ் 2020 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். வழக்கிலிருந்து தப்ப, 2021 ஜனவரியில் சங்கம் டெக்சாஸில் திவால் மனு கொடுத்தது. அது நல்லெண்ணத்தோடு போட்ட மனு அல்ல என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். லாபியர் சங்கத்துக்கு ஏற்படுத்திய இழப்பு 54 லட்சம் டாலர் என்று 2024 பிப்ரவரியில் மன்ஹாட்டன் ஜூரி தீர்ப்பளித்தது. ஏற்கெனவே கட்டியது போக 43 லட்சத்துக்கு மேல் அவர் திருப்பித்தர வேண்டும். லெட்டீஷியா ஜேம்ஸுக்கு அரசியல் நோக்கம் இருந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். பணம் போனதும் உண்மைதானே? அது கட்டுமானத் தொழிலாளியும் ஓய்வுபெற்ற சிப்பாயும் கட்டிய சந்தா. 2018க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே சங்கத்தின் சந்தா வருவாய் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

படிவத்தில் எதைப் பார்ப்பது? 7ஆம் பகுதியில் தலைமையில் இருப்பவர்களின் சம்பளம் இருக்கும். 9ஆம் பகுதியில் செலவு மூன்றாகப் பிரிந்திருக்கும்: கொள்கைப் பணி, நிர்வாகம், நிதி திரட்டல். ஷெட்யூல் ஜி வெளியிலிருந்து அமர்த்திய நிதி திரட்டும் நிறுவனங்களைச் சொல்லும். அவை திரட்டியதில் அமைப்புக்கு எவ்வளவு மிஞ்சியது என்பது அங்கேயே தெரியும். ஷெட்யூல் எல் என் கண்ணுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். நிர்வாகிகளோடும் அவர்கள் குடும்பத்தோடும் அமைப்பு வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கல் அதில் வரும். ஷெட்யூல் ஆர் சகோதர அமைப்புகளுக்கிடையே பணம் எப்படி நகர்கிறது என்று காட்டும். ஓராண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல் மூன்று நான்கு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சம்பளச் செலவு அதிகம் என்பதற்காக மட்டும் ஓர் அமைப்பை ஒதுக்கிவிடாதீர்கள். வழக்கு நடத்துவதையே வேலையாகக் கொண்ட இடத்தில் வழக்கறிஞர் சம்பளம்தான் கொள்கைப் பணி.

"நாங்கள் ஜெயித்தோம்" என்பதை அப்படியே நம்புவது

ஒரு தீர்ப்பு வந்தால் அன்று மாலையே ஆறு அமைப்புகளிடமிருந்து மின்னஞ்சல் வரும். எல்லாவற்றிலும் வெற்றி அவர்களுடையது, கீழே நன்கொடைப் பொத்தான். யார் உண்மையில் வழக்காடினார்கள் என்பதைக் கண்டுபிடிப்பது எளிது. வழக்கின் முதல் பக்கத்தில் வாதிகளின் பெயர் இருக்கும், கடைசியில் வழக்கறிஞர்களின் கையெழுத்து இருக்கும். கோர்ட்லிசனர் தளத்தில் பல மத்திய வழக்குகளைப் பார்க்கலாம். வாதியாக நிற்பதும், வெளியிலிருந்து நீதிமன்றத்துக்கு ஆதரவு மனு ஒன்று எழுதித் தருவதும் ஒன்றல்ல. ஆதரவு மனுவுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் உழைப்பிலும் செலவிலும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம்.

இலினாய் மாநிலம் 2023 ஜனவரியில் கொண்டுவந்த ஆயுதத் தடைச் சட்டத்தை எதிர்த்து, போட்டி போட்டுக்கொண்டு தனித்தனி வழக்குகள் தாக்கலாயின. ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கொயலிஷன், செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன், கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா, நேஷனல் அசோசியேஷன் ஃபார் கன் ரைட்ஸ் என்று பலரும் களத்தில் இருந்தார்கள். ஒரே சட்டத்துக்கு எதிராக நான்கு இடங்களுக்கு நன்கொடை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அது தேவையா என்று யோசியுங்கள். வென்ற தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தை அரசிடமே வசூலிக்க மத்திய குடிமை உரிமைகள் சட்டத்தில் இடம் இருக்கிறது. அப்படித் திரும்பி வந்த பணம் அடுத்த வழக்குக்குப் போகிறதா என்று அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே நிறையப் புரிந்துவிடும்.

சொந்த மாநிலத்தை மறப்பது

உங்கள் அன்றாட வாழ்வைத் தொடும் துப்பாக்கிச் சட்டங்களில் பெரும்பாலானவை மாநிலச் சட்டங்கள். நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி வாங்குவதற்கே காவல் துறை தரும் அடையாள அட்டை வேண்டும். ப்ரூயென் தீர்ப்புக்குப் பிறகு 2022 டிசம்பரில் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டம், துப்பாக்கியோடு போகக் கூடாத இடங்களின் நீண்ட பட்டியலைப் போட்டது, காப்பீடும் கட்டாயம் என்றது. அதை எதிர்த்த சீகல் வழக்கில் நியூ ஜெர்சி ரைஃபிள் அண்ட் பிஸ்டல் கிளப்களின் சங்கம் வாதி. கூன்ஸ் வழக்கில் தேசிய அமைப்புகளோடு இரண்டு உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து நின்றன. மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் சட்டமன்றக் குழு விசாரணை நடக்கும் நாளில் வேலைக்கு விடுப்புப் போட்டு வந்து உட்காருபவர்கள் இந்த உள்ளூர்க்காரர்கள்தான். தேசிய அமைப்புக்குக் கொடுக்கும் ஐம்பது டாலர் கடலில் கரையும். மாநிலச் சங்கத்துக்கு அது கணிசமான தொகை. என்னைக் கேட்டால் முதல் சந்தா மாநிலச் சங்கத்துக்கு, இரண்டாவது ஒரு வழக்கு அமைப்புக்கு. அதற்கு மேல் உங்கள் வசதி.

பயத்தில் கொடுப்பது, பண்டத்தோடு குழப்பிக்கொள்வது

தபாலில் வரும் கடிதங்களில் அரசாங்க அறிவிப்பு போல முத்திரை இருக்கும், "கடைசி எச்சரிக்கை" என்று சிவப்பில் அச்சிட்டிருக்கும், கருத்துக்கணிப்பு என்ற பெயரில் நாலு கேள்வியும் ஐந்தாவதாக நன்கொடைத் தொகையும் இருக்கும். ஐ.நா. ஆயுத வணிக ஒப்பந்தத்தைக் காட்டி எத்தனையோ ஆண்டுகள் இப்படிப் பணம் திரட்டினார்கள். அமெரிக்கா 2013இல் அதில் கையெழுத்திட்டது உண்மை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாமல் அது சட்டமாகாது, அந்த ஆதரவு என்றைக்குமே இருந்ததில்லை. மசோதா எண் இல்லாமல், வழக்கின் பெயர் இல்லாமல், வெறும் ஆபத்தை மட்டும் சொல்லும் கடிதத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். தொலைபேசியில் கேட்பவரிடம் கார்டு எண் சொல்லவே வேண்டாம்.

தற்காப்புக் காப்பீடு விற்கும் உறுப்பினர் திட்டங்கள் வேறு, உரிமைக்காகப் போராடும் அமைப்புகள் வேறு. யு.எஸ்.சி.சி.ஏ. போன்றவற்றில் கட்டும் தொகை முதன்மையாகப் பயிற்சிக்கும் சட்டப் பாதுகாப்புக்குமானது. வேண்டும் என்றால் வாங்குங்கள், அதை நன்கொடைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேஷனல் ஷூட்டிங் ஸ்போர்ட்ஸ் ஃபவுண்டேஷன் துப்பாக்கித் தயாரிப்பாளர்கள், வணிகர்களின் சங்கம். அவர்கள் நலனும் உங்கள் நலனும் பல இடங்களில் ஒன்றாகப் போகும், எல்லா இடத்திலும் அல்ல.

ஆயுள் சந்தாவும் வாக்குச்சீட்டும்

முதல் ஆண்டிலேயே ஆயுள் உறுப்பினராகிவிடாதீர்கள். ஓராண்டு சேர்ந்து, அவர்கள் அனுப்பும் செய்திகளையும் செய்யும் வேலையையும் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். சேரும் முன் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: உறுப்பினருக்கு ஓட்டு உண்டா? பல அமைப்புகளில் உறுப்பினர் என்பவர் நன்கொடையாளர் மட்டுமே, இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்குப் பங்கு இல்லை. என்.ஆர்.ஏ.வில் ஆயுள் உறுப்பினர்களுக்கும், ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் சந்தா கட்டியவர்களுக்கும் ஓட்டு உண்டு. வாக்குச்சீட்டு அவர்கள் அனுப்பும் பத்திரிகையோடு வீட்டுக்கே வரும், பெரும்பாலோர் அதைப் பிரிப்பதுகூட இல்லை. திவால் மனுவை உள்ளிருந்தே எதிர்த்து நீதிமன்றம் போன இயக்குநர் ஃபிலிப் ஜர்னி, 2024இல் சீர்திருத்தம் கேட்டு மீண்டும் தேர்தலில் நின்றபோது, அந்தச் சீட்டைப் பிரித்து நிரப்பி அனுப்பியவர்கள்தான் அவரையும் அவரோடு நின்றவர்களையும் இயக்குநர் குழுவுக்கு அனுப்பினார்கள்.