ஜவ்வாது மலைக் காற்று மழைக்கு ஒற்றை ஆள் டென்ட்: வாங்குவதும் கட்டுவதும்

ஒருத்தர் மட்டும் படுக்கிற டென்ட் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். நியாயமான கேள்வி, தூக்கிக்கொண்டு மலை ஏறப்போவது நாம்தானே. ஆனால் ஏலகிரியிலோ ஜமுனாமரத்தூர் பக்கமோ ராத்திரி பத்து மணிக்குக் காற்று திரும்பி அடிக்கும்போது டென்ட்டைப் பிடித்து நிறுத்துவது கயிறும் முளையும்தான், அதனால் துணியில் நூறு கிராம் மிச்சம் பிடித்தால் அந்த நூறு கிராமை முளைக்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் கட்சி.

நம் பழைய வட ஆற்காட்டில் பனிப்புயல் கிடையாது, ஆகவே "நான்கு பருவத்துக்கும்" என்று விற்கிற கனமான டென்ட் இங்கே வீண் சுமை. இங்கே சமாளிக்க வேண்டியது வேறு: சித்திரை வைகாசியில் நாள் முழுக்க வெயில் காய்ந்துவிட்டு சாயங்காலம் சூறைக்காற்றோடு வருகிற கோடை மழை, ஆடிக் காற்று, ஆவணி புரட்டாசியில் இடியோடு வருகிற ராத்திரி மழை, ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தால் விடாமல் ஊற்றுகிற மழை, அப்புறம் மார்கழிப் பனி. ஒரே டென்ட் இத்தனைக்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

அதற்கு இரட்டைச் சுவர் டென்ட்தான் சரி. உள்ளே கொசுவலைத் துணியில் ஒரு கூடு, அதற்கு மேலே தனியாக மழைத்துணி. ஒற்றைச் சுவர் டென்ட் எடை குறைவு, உண்மைதான், ஆனால் நம் புழுக்கத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் முழுக்க உள்பக்கத் துணியில் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். இரட்டைச் சுவரில் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் நல்லதாகவே கிடைக்கிறது, ஒரு கிலோவுக்குக் கீழே போனால் விலை விறுவிறுவென்று ஏறும். கடையில் இன்னொன்றையும் கேளுங்கள்: மழைத்துணியை முதலில் கட்டிவிட்டு உள்கூட்டை அப்புறம் மாட்ட முடியுமா, அல்லது இரண்டும் சேர்ந்தே எழும்புமா? உள்கூட்டை முதலில் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மழையில் போய் இறங்குகிற அன்றைக்கு மழைத்துணி போடுவதற்குள் படுக்கிற இடம் குளமாகிவிடும்.

நடைக்கம்பை நட்டு நிறுத்துகிற டென்ட் எடையில் மிச்சம்தான், ஆனால் அது முளையை மட்டுமே நம்பி நிற்பது. ஜவ்வாது மலையில் பாதி இடத்தில் நாலு விரல் மண்ணுக்குக் கீழே பாறை. முதல் டென்ட் என்றால் கம்பி வளைத்துத் தானாக நிற்கிற வகையை எடுங்கள்.

துணியில் 1500 மில்லிமீட்டர், 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணிமேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எத்தனை உயரம் வரை ஒழுகாமல் தாங்கும் என்கிற கணக்கு அது. மேல்துணிக்கு 1500 போதும், 2000 இருந்தால் நிம்மதி. தரைத்துணிக்கு 3000 பாருங்கள், ஏனென்றால் ஈர மண்மேல் நாம் முட்டி போடும்போதும் கையூன்றும்போதும் அந்த ஒரு இடத்தில் அழுத்தம் அதிகம், அங்கேதான் நீர் கசியும். நைலான் துணி நனைந்தால் தளரும், பாலியஸ்டர் அவ்வளவாகத் தளராது. நைலான் வைத்திருப்பவர்கள் மழை ஆரம்பித்து அரை மணி கழித்து ஒரு தடவை வெளியே வந்து எல்லாக் கயிற்றையும் இழுத்துவிட வேண்டும், இதில் சோம்பல் படக் கூடாது.

நீளத்தையும் பாருங்கள். சுவர் சரிந்து வருவதால் இரண்டே கால் மீட்டர் என்று போட்டிருந்தாலும் உள்ளே அவ்வளவு கிடைக்காது. கடையிலேயே விரித்துப் படுத்துப் பாருங்கள், கால் பக்கம் துணியில் இடித்தால் போர்வை நனையும்.

இப்போது முளை. பெட்டியோடு வருவது பெரும்பாலும் மெல்லிய கம்பி முளை. நம் செம்மண்ணின் குணம் என்னவென்றால், காய்ந்திருக்கும்போது முளை இறங்காது, ஒரு மணி நேரம் மழை பெய்த பிறகு அதே மண்ணில் அதே முளை விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். அதனால் மூன்று பக்கமும் விளிம்பு வைத்த அலுமினிய முளையில், ஒரு சாண் நீளத்துக்குக் குறையாததாக எட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முளையின் தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, தலை மண்ணைத் தொடும் வரை அடியுங்கள், அடித்த பின் அதன்மேல் ஒரு கல் வையுங்கள். பாறையாக இருந்தால் கயிற்றின் முனையை ஒரு முழ நீளக் கட்டையில் கட்டித் தரையில் கிடத்தி, கட்டைக்கும் டென்ட்டுக்கும் நடுவில் கயிற்றின் மேலேயே பெரிய கல்லை வைத்துவிடுங்கள். காற்று இழுக்க இழுக்கக் கட்டை போய்க் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். நேராகக் கல்லில் கயிற்றைச் சுற்றினால் ராத்திரி முழுக்க உரசி அறுந்துபோகும்.

கயிற்றுக்கு நகர்த்துகிற முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, வளையத்துக்கு உள்ளே நீளக் கயிற்றின் மேல் இரண்டு சுற்று, பிறகு வளையத்துக்கு வெளியே டென்ட் பக்கமாக ஒரு சுற்று, சுற்றின் இடுக்கிலேயே முனையை நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுத்தால் நகராது. இருட்டில், ஈரக் கையோடு, மூன்று மீட்டர் கயிற்றில் இதைப் போட வருகிற வரை வீட்டில் பழகுங்கள்.

பழகுவதற்கு நம் ஊர் மொட்டை மாடியைவிட நல்ல இடம் இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்றில் வேலூர் சத்துவாச்சாரி மாடியில் தண்ணீர்த் தொட்டிக் காலிலும் கைப்பிடிச் சுவரிலும் கயிறு கட்டி டென்ட்டை நிறுத்திப் பாருங்கள், எந்தப் பக்கம் உள்ளே அமுங்குகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் தம்பியையோ தங்கச்சியையோ ஹோஸ் பைப்பில் மேலிருந்து பத்து நிமிஷம் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்காருங்கள். தையல் ஓரமாக விரலை ஓட்டினால் ஈரம் எங்கே என்று கைக்கே தெரியும். சிலிகோன் பூசிய துணி என்றால் தையலுக்குச் சிலிகோன் பசைதான் ஒட்டும், மற்ற பசை உரிந்து வந்துவிடும்.

மலைக்குப் போகும் முன் அனுமதி. ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ராத்திரி தங்கக் கூடாது. ஊர்க்காரர்களின் தோட்டத்திலோ ஏலகிரியில் முகாம் நடத்துகிறவர்களின் இடத்திலோ கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

இடம் பார்க்கும்போது ஓடைப் படுகை எவ்வளவு சமமாக இருந்தாலும் வேண்டாம். நீங்கள் இருக்கிற இடத்தில் ஒரு துளி விழாமலேயே மேலே எங்கோ பெய்த மழை இறங்கி வரும். புதர்களில் சருகும் குச்சியும் இடுப்பு உயரத்தில் சிக்கியிருந்தால் போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். பட்ட கிளை உள்ள மரத்தடியும், காய்த்த பலா மரத்தடியும் வேண்டாம், மொட்டைப் பாறை உச்சியும் வேண்டாம். சரிவில் பாதி வழியில், ஒரு புதர் வரிசைக்குப் பின்னால், தலைப்பக்கம் லேசாக மேடாக இருந்தால் போதும்.

காற்றில் கட்டும்போது குறுகலான கால் பக்கத்தைக் காற்று வருகிற திசைக்குத் திருப்பி, அந்தப் பக்க முளைகளை முதலில் அடித்துவிட்டுத்தான் கம்பியை நிமிர்த்த வேண்டும். பையை உடனே உள்ளே போட்டால் டென்ட் பறக்காது. அடியில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் டென்ட்டுக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் மேல்துணியில் வழிகிற தண்ணீரை அதுவே வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுபோய்விடும்.

மழை பெய்தாலும் மேலே இருக்கிற காற்று வழியை மூடாதீர்கள். உள்ளே அடுப்பு பற்றவைக்கவே கூடாது, தீ ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். பொரி, வேர்க்கடலை, வாழைப்பழம் வைத்துக்கொண்டால் அந்த ராத்திரி ஓடிவிடும். இடி விஷயத்தில் டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் முப்பது எண்ணுவதற்குள் இடித்தால் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, எழுந்து காருக்கோ கான்கிரீட் கட்டடத்துக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரலாம்.

கோடையில் காலை ஏழு மணிக்கே உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும், அதனால் கிழக்குப் பக்கம் மரமோ பாறையோ வெயிலை மறைத்துக் காலையில் நிழல் தருகிற இடம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே டென்ட்டைப் பிரித்து நிழலில் உலர்த்துங்கள், வெயில் நைலானை அரித்துவிடும். சோப்புத்தூளும் வாஷிங் மெஷினும் வேண்டாம், வெறும் தண்ணீரும் பஞ்சும் போதும். வேலூர் வெயிலில் பரணில் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து நாற்றமடித்து உரியும், அதன் பிறகு அந்தத் துணியை எதுவும் செய்ய முடியாது. பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டுக் கீழ் அறை அலமாரியில் வையுங்கள். கூடவே நாலு விரல் நீள அலுமினியக் குழாய் ஒன்றும் ஒட்டுத் துணி நாடாவும் அதே உறையில் இருக்கட்டும். கம்பி முறிந்தால் முறிந்த இடத்தின் மேல் குழாயை நுழைத்து இரண்டு பக்கமும் நாடா சுற்றிவிட்டால் மறுநாள் காலை வரை நிற்கும்.