லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அக்காவின் லேப்டாப் ஒருநாள் காலை ஆன் ஆகவில்லை. முந்தைய ராத்திரி பிடிஎஃப் எடிட் செய்ய ஏதோ ஒரு கிராக் சாஃப்ட்வேரை இறக்கிப் போட்டிருந்தாள். கடைக்கு எடுத்துப் போனாள், "வைரஸ்தான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி அரை மணி நேரத்தில் ஃபார்மேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மெஷின் நன்றாக ஓடியது, ஆனால் குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் போயே போய்விட்டன. அந்தப் படங்களை எடுத்திருக்க முடியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை, கம்பெனி லோகோ கூட வரவில்லை என்றால் அநேகமாக அது வைரஸ் இல்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் உருவிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்து விட்டு, பிறகு சார்ஜரைப் போட்டு ஆன் செய்து பாருங்கள். லோகோ வருகிறது, ஆனால் பூட் செய்ய, அதாவது விண்டோஸைத் தொடங்க, டிஸ்க் இல்லை என்று சொல்கிறதா? பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் திரைக்குள் போய் (ஆன் செய்ததும் சில லேப்டாப்பில் எஃப்2, சிலவற்றில் எஃப்10 அல்லது டெலீட் கீ) டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே தெரியவில்லை என்றால் டிஸ்க் செத்திருக்கலாம், இல்லை கனெக்‌ஷன் லூஸாகியிருக்கலாம், எந்த ஸ்கேனும் அதற்கு உதவாது.

விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது பாஸ்வேர்ட் போட்ட பிறகு கறுப்புத் திரை வருகிறது என்றால்தான் வைரஸைச் சந்தேகிக்கலாம். அப்போதும் சந்தேகம் மட்டும்தான். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றனவே, அதற்குக் காரணம் வைரஸ் இல்லை, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் தவறான ஒரு அப்டேட். இப்போது வருகிற வைரஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு உங்கள் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் பாஸ்வேர்டைத் திருட முடியும்.

சரி, உள்ளே எப்படிப் போவது? வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் திறக்கும். 5 அழுத்தினால் இன்டர்நெட்டும் சேர்ந்து வரும், வைரஸ் சந்தேகம் இருக்கும்போது அது வேண்டாம். நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) கீ என்று 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதீர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பை இணைத்திருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமித்திருக்கும், போனில் லாகின் செய்து எடுக்கலாம்.

சேஃப் மோட் திறந்ததும் ஸ்கேன் செய்யத் தோன்றும். வேண்டாம், முதலில் படங்களையும் டாக்குமென்ட்களையும் வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். படம், வேர்டு, பிடிஎஃப் போதும், இன்ஸ்டால் செய்யும் பைல் எதையும் எடுக்காதீர்கள், வைரஸும் கூடவே வந்துவிடும். சேஃப் மோடே வரவில்லையா? அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் நோட்பேட் என்று டைப் செய்து, அதில் ஃபைல், ஓபன் போனால் ஒரு சின்ன ஜன்னல் வரும். கீழே "ஆல் ஃபைல்ஸ்" என்று மாற்றிக்கொண்டு, வேண்டியதை வலது கிளிக் செய்து காப்பி எடுத்து பென்டிரைவில் பேஸ்ட் செய்யலாம். டிரைவ் எழுத்துகள் அங்கே மாறியிருக்கலாம், சி-யில் இல்லையென்றால் டி-யில் தேடுங்கள். நிறைய பைல் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் உபுண்டு (விண்டோஸ் போன்ற ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) பென்டிரைவ் தயார் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து காப்பி எடுப்பது வசதி.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. கடைசியாகப் போட்ட சாஃப்ட்வேரை நீக்குங்கள், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர்களை நிறுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை வேறு மெஷினில் இறக்கிக் கொண்டு வந்து முழு ஸ்கேன் போடுங்கள், இலவசம்தான், ஆனால் இறக்கி 10 நாள் ஆனால் வேலை செய்யாது. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் ஃபார்மேட்டே நல்லது, இப்போது உங்கள் பைல்கள் பத்திரமாக இருக்கின்றனவே. 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பகுதிகளை) எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

பைல்களின் பெயருக்குப் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்து, பணம் கேட்டுக் குறிப்பும் இருந்தால் அது ரான்சம்வேர், அதாவது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ். பணம் கட்டாதீர்கள், பைல்களை அழிக்கவும் வேண்டாம், அப்படியே ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் பல வகைகளுக்குப் பூட்டைத் திறக்கும் கருவி இலவசமாகக் கிடைக்கிறது, இன்று இல்லாதது பிறகு வரலாம்.

இதற்கெல்லாம் நடுவில், லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்பே என்றாலும் சரி, போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்ட்களை மாற்றி, "எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்திவிடுங்கள், பாஸ்வேர்ட் மாறினாலும் திருடிய லாகின் உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. பணம் போயிருந்தால், இந்தியாவில் இருப்பவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், லேப்டாப்பை அப்புறம் பார்க்கலாம்.