வாடிக்கையாளர் செறிவும் நியாய மதிப்பும்: இரு குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும் முறை

ஆண்டறிக்கையில் பெரிய வாடிக்கையாளர்களைப் பற்றிய குறிப்பும் (வருவாய் ஒரு சிலரிடம் குவிந்திருப்பதே வாடிக்கையாளர் செறிவு), நிலுவைகள், முதலீடுகள் போன்ற நிதிக் கருவிகளின் நியாய மதிப்பை, அதாவது இன்று சந்தையில் விற்றால் கிடைக்கக்கூடிய விலையைப் பற்றிய குறிப்பும் பெரும்பாலும் பல பக்கங்கள் தள்ளியே இருக்கும். தனித்தனியே படித்தால் இரண்டும் ஆண்டுதோறும் மாறாத சம்பிரதாய வாசகங்களாகவே தோன்றும். எனவே இரண்டையும் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படி 1: பெரிய வாடிக்கையாளரைக் கண்டறிதல்

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்குப் பொருந்தும் ஐஎஃப்ஆர்எஸ் 8 (ஐஎஃப்ஆர்எஸ் என்பது சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகள்) தரநிலையின்படி, வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வெளி வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், அந்த விவரத்தை வெளியிட வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஒரே கட்டுப்பாட்டின் கீழ் இயங்கும் பல நிறுவனங்கள் ஒரு வாடிக்கையாளராகவே கொள்ளப்படும். இந்த விவரம் வணிகப் பிரிவுகள் பற்றிய குறிப்பில் இருக்கும்.

படி 2: நிலுவையோடு ஒப்பிடுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆண்டு வருவாய் 1,000, ஆண்டு இறுதியில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை 200 என்று வைத்துக்கொள்வோம். நிலுவையை வருவாயால் வகுத்து 365 ஆல் பெருக்கினால், பணம் வந்துசேரச் சராசரியாக 73 நாட்கள் ஆவதாகத் தெரியும். ஆனால் ஒரே வாடிக்கையாளர் வருவாயில் 220, நிலுவையில் 82 வைத்திருந்தால், அவருக்கு மட்டும் ஏறத்தாழ 136 நாட்களும், மற்றவர்கள் அனைவருக்கும் 55 நாட்களும் ஆகின்றன. வருவாயில் 22 சதவீதமாக இருப்பவர் நிலுவையில் 41 சதவீதமாக இருப்பதை 73 என்ற சராசரி முழுவதுமாக மறைத்துவிடுகிறது. ஆண்டின் கடைசி மாதங்களில் விற்பனை குவிந்திருந்தாலும் இதே தோற்றம் வரக்கூடும் என்பதால், காலாண்டு வருவாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

படி 3: நியாய மதிப்பின் நிலைகள்

நியாய மதிப்பைக் கணக்கிடப் பயன்படும் தரவுகளை ஐஎஃப்ஆர்எஸ் 13 மூன்று நிலைகளாக வகுக்கிறது. செயல்படும் சந்தையில் அதே கருவிக்குக் கிடைக்கும் விலை முதல் நிலை. சந்தையில் காணக்கூடிய பிற தரவுகள் இரண்டாம் நிலை. நிறுவனத்தின் சொந்த மதிப்பீடுகளைச் சார்ந்தவை மூன்றாம் நிலை.

படி 4: ஒரு வரியை நிறுத்திப் படித்தல்

வணிக நிலுவைகள் குறுகிய காலத்தவை என்பதால் அவற்றின் ஏட்டு மதிப்பு (கணக்கில் பதிவாகியுள்ள தொகை) நியாய மதிப்பை ஒட்டியே உள்ளது என்ற வரி ஏறக்குறைய எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். இது தரநிலை அனுமதிக்கும் கூற்றுதான். ஆயினும் அந்த வரி காலத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, வாடிக்கையாளரின் பணம் செலுத்தும் திறனைப் பற்றிப் பேசவில்லை. அத்திறன் ஐஎஃப்ஆர்எஸ் 9 கோரும் எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு ஒதுக்கீட்டில்தான் (வசூலாகாமல் போகக்கூடிய தொகைக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது) பிரதிபலிக்க வேண்டும். ஆகவே தவணை தாண்டிய நிலுவைகளை எத்தனை நாட்களாக வராமல் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் வயதுவாரி அட்டவணைக்குச் செல்லுங்கள். 136 நாட்கள் எடுக்கும் வாடிக்கையாளருக்கும், 55 நாட்களில் செலுத்துபவர்களுக்கும் ஒரே இழப்பு விகிதம் பயன்படுத்தப்பட்டிருந்தால், அதற்கான காரணத்தை நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகவே கேட்கலாம்.